கால் இல்லாத பாடம்

ஊரில் பொறாமைப்பட ஆள் கிடைக்கவில்லையென்றால் எல்லாரும் பள்ளிக்கூட டீச்சரைப் பிடித்துக்கொள்கிறார்கள். "உங்களுக்கென்ன டீச்சர், மே மாசம் பூரா லீவு" என்று காய்கறிக்காரர் சொல்கிறார், பஸ் கண்டக்டர் சொல்கிறார், பல் பிடுங்கப் போனால் என் வாய்க்குள் இடுக்கியை விட்டுக்கொண்டே டாக்டர் சொல்கிறார். வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்வார்கள். நான் சத்யப்பிரியா, கீழப்பழுவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. குடியிருப்பது அரியலூரில். என் லீவு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். கேட்ட பிறகும் பொறாமை மிச்சமிருந்தால் தாராளமாகப் படுங்கள்.

லீவு விட்டதும் என் கணவர் ராஜதுரையின் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. தலைமுடியிலிருந்து செருப்புவரை தூசியோடு வீட்டுக்கு வருவார். நல்ல மனுஷர். ஒரே குறை, நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். "சும்மாதானே இருக்க, அந்தப் பரண் மேல இருக்கறதைக் கொஞ்சம் ஒழிச்சு வச்சிரேன்" என்பார். பரணில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வருஷா வருஷம் இறக்கிப் பார்க்கிறேன். போன மே மாதம் நான் ஏற்றி வைத்ததுதான் இருக்கிறது. எங்கள் மகன் மட்டும் விவரமானவன், பரீட்சை முடிந்த அன்றே வாலிகண்டபுரத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு ஓடிவிட்டான். இந்த வீட்டில் உண்மையாக லீவு விட்டது அவனுக்குத்தான்.

இந்த வருஷம் எனக்கு இரண்டே ஆசை. ஒரு நாவலைக் கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். ஒரு படத்தைத் தியேட்டரில் க்ளைமாக்ஸ்வரை பார்க்க வேண்டும். இரண்டாவது ஆசை உங்களுக்கு வேடிக்கையாகத் தெரியலாம், நீங்கள் ராஜதுரையோடு படத்துக்குப் போனதில்லை. படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் எழுந்துவிடுவார். "எல்லாரும் ஒண்ணா வெளிய வந்தா வண்டி எடுக்க முடியாது, கிளம்பு." கதாநாயகன் வில்லனின் சட்டையைப் பிடிக்கும் நேரத்தில் நாங்கள் வண்டி ஸ்டாண்டில் டோக்கனைத் தேடிக்கொண்டிருப்போம். எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்குத் தெரிந்தவரை இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் தமிழ் சினிமாவில் ஒரு வில்லனும் சாகவில்லை. எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

நல்ல வேளையாக ஒரு துப்பறியும் நாவலையே படமாக எடுத்து வெளியிட்டிருந்தார்கள். பெரிய பண்ணை வீட்டில் பெரியவர் செத்துக் கிடக்கிறார். குடும்ப டாக்டர், சமையல்காரர், மூத்த மகன் என்று எல்லார் மேலும் சந்தேகம். நாவல் அரியலூர் நூலகத்தில் கிடைத்தது. கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்காமல் நிறுத்திவைத்தேன். கொலைகாரர் யார் என்று முதலில் திரையில் பார்க்க வேண்டும், அப்புறம் புத்தகத்தில் படிக்க வேண்டும். ஒரே கொலையை இரண்டு தடவை ரசிக்கும் பேராசை.

கையில் கதைப்புத்தகம் இருந்தால் நான் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தம். ஆகவே அதற்குக் காக்கி அட்டை போட்டு, 'பத்தாம் வகுப்பு தமிழ் வினா வங்கி' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். அன்றிலிருந்து ராஜதுரை டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். என் நாத்தனார் வெற்றிச்செல்வி போனில் பேசுவதற்கு மொட்டைமாடிக்குப் போனாள்.

வெற்றிச்செல்வி வாழ்க்கைப்பட்டது ஜெயங்கொண்டத்தில். மே மாதமானால் மகள் தென்றலோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் லீவும் என் லீவும் ஒரே வீட்டில்தான் நடக்கும். அவள் உட்கார்ந்திருப்பாள், நான் நின்றுகொண்டிருப்பேன். "பொறந்த வூட்டுக்கு வந்தாத்தான் அண்ணி காலை நீட்ட முடியுது" என்பாள். நீட்டிய காலைத் தாண்டித் தாண்டி நான் வீடு பெருக்குவேன்.

அவள் கணவர் மணிவேல் அண்ணனுக்கு முந்திரி வியாபாரம். தொழில்தான் முந்திரி, பிறவி எடுத்தது எழுத்துப்பிழை பிடிப்பதற்காக. கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை எதையும் விடமாட்டார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'கண்ணீர்' என்பதற்கு இரண்டு சுழி 'ன' போட்டிருந்தால் செத்தவரை மறந்துவிட்டு அச்சகத்துக்குப் போன் போடுவார். பேசும்போது மட்டும் வீடு 'வூடு'தான், அதைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. இப்படிப்பட்டவருக்குப் பிறந்த தென்றல், எழுதும்போது துணைக்காலை விட்டுவிடுகிறவள். 'அப்பா வந்தார்' என்பதை 'அப்ப வந்தர்' என்று எழுதுவாள். இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள் என்பதால் அந்த வீட்டில் துணைக்கால் ஒரு பெரிய துயரமாகிவிட்டது.

என் மாமனார் பெயர் ஆண்டவர். அவர் காலமான பிறகு 'ஆண்டவர் குடும்பம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதில் சொல்லாமல் யாரும் வாசற்படி தாண்டக்கூடாது. படம் பெரம்பலூரில் ஓடியது. அரியலூரில் ஓடியிருந்தாலும் போயிருக்க மாட்டேன், இங்கே இருட்டில்கூட எந்த வரிசையிலிருந்தாவது ஒரு பழைய மாணவன் எழுந்து "வணக்கம் டீச்சர்" என்பான்.

நான் ஒளிக்க நினைக்கவில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். 'நாளைக்குப் பெரம்பலூரில் படம். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவேன்' என்றுதான் குழுவில் அடித்தேன். ஆனால் என் போனில் பாடம் என்ற சொல்லை ஆயிரம் தடவை அடித்திருப்பேன், படம் என்று ஒரு தடவைகூட அடித்ததில்லை. டீச்சராவது படமாவது என்று அது நினைத்துவிட்டது. தானாகவே ஒரு துணைக்காலைப் போட்டு 'நாளைக்குப் பெரம்பலூரில் பாடம்' என்று அனுப்பிவிட்டது.

நான் பார்த்து அழிப்பதற்குள் ஹாலிலிருந்து ராஜதுரையின் குரல் வந்தது. "லீவுலயும் பாடம் நடத்தச் சொல்றாங்களா? பாவம்டி நீ." கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத வார்த்தை அது. வெற்றிச்செல்வி நீட்டிய காலை மடக்கி, "நாளைக்குச் சமையலை நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றாள். மணிவேல் அண்ணன் ஜெயங்கொண்டத்திலிருந்து வரிசையாகக் கைதட்டல் பொம்மைகளை அனுப்பி, கீழே 'அர்ப்பணிப்பு' என்று பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

அந்தக் காலை எடுத்தால் நான் சும்மா இருப்பவள். விட்டுவைத்தால் தியாகி. விட்டுவைத்தேன்.

தியாகத்துக்குக் கூலி உடனே வந்தது. 'தென்றலையும் அழைத்துச் செல்லவும். கால் பிழை சரியாகட்டும்' என்று மணிவேல் அண்ணனிடமிருந்து அடுத்த செய்தி.

மறுநாள் காலை தென்றல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு புத்தகப் பையோடு பஸ் ஏறினாள். அரியலூர் தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"தென்றலு, நாம போறது பாடத்துக்கு இல்ல. படத்துக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கால் இல்லாததா அத்தை?"

"கால் இல்லாதது."

அதற்குப் பிறகு பெரம்பலூர் வரும்வரை அவள் வாயை மூடவில்லை. பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, அந்த வருஷம் வந்த படங்களின் கதையெல்லாம் சொன்னாள். எதையும் அவள் பார்த்ததில்லை, எல்லாம் தோழிகள் சொன்ன கதை.

வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏ.சி., மடியில் பப்ஸ், மேலே பண்ணை வீடு. எனக்குச் சந்தேகம் சமையல்காரர் மேல், தென்றலுக்கு டாக்டர் மேல். யார் எந்த அறையில் உட்கார்ந்து சதி பேசினாலும் அந்த வீட்டு மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எங்கே போனாலும் இதே வேலையா என்று நினைத்துக்கொண்டு, அவளை விட்டு மற்றவர்களைக் கவனித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

இடைவேளையில் மணிவேல் அண்ணன் மகளிடம் வாட்ஸ்அப்பில் விசாரித்தார். 'எப்படிப் போகிறது?' நான் தடுப்பதற்குள் தென்றல் அடித்து அனுப்பிவிட்டாள். 'படம் சூப்பர் அப்ப. நல்ல போகுது.'

உடனே பதில் வந்தது. 'பாடம். அப்பா. நல்லா. மூன்று இடத்தில் கால் காணோம். அத்தையிடம் கேட்டுத் திருத்திக்கொள்.'

பெற்ற பெண் உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள், அப்பா சிவப்பு மை போடுகிறார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பப்ஸ் புரையேறியது. சிரித்திருக்கக் கூடாது.

படத்தின் கடைசிக் கட்டம். துப்பறிபவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். "பெரியவரைக் கொன்றவர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்றார். என் போன் அதிர்ந்தது. மணிவேல் அண்ணன். 'முந்திரி மூட்டை இறக்கப் பெரம்பலூர் வந்தேன். வகுப்பைப் பார்த்துவிட்டு இருவரையும் வண்டியில் அழைத்துச் செல்கிறேன். எந்தப் பள்ளி?'

தென்றல் எட்டிப் பார்த்து வெளிறிப்போனாள். "அத்தை, அப்பா என்னைக் கொன்னுருவாரு." திரையில் ஏற்கனவே ஒரு கொலை, இன்னொன்று வேண்டாமென்று எழுந்தேன். துப்பறிபவர் விரலை நீட்டி, "கொலை செய்தது வேறு யாருமில்லை..." என்றார். நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். கதவு சாத்திய அடுத்த நொடி உள்ளே தியேட்டர் முழுக்க "ஆ!" என்றது. அந்த 'ஆ' என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது. வெயிலில் நின்றுகொண்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, பூட்டிய கேட்டுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றோம். மணிவேல் அண்ணன் மினி வேனில் வந்து இறங்கிப் பூட்டைப் பார்த்தார்.

"பூட்டிட்டாங்களா?"

"நாங்கதாண்ணே கடைசி."

"பாடம் முடிஞ்சிருச்சாம்மா?"

"முடியல. முக்கியமான எடத்துல பாதியில வந்துட்டோம்."

"அடுத்த தடவை பாத்துக்கலாம்மா" என்றார். இதையேதான் ராஜதுரையும் வண்டி ஸ்டாண்டில் வைத்துச் சொல்வார்.

வேனில் மகளிடம் விசாரணை நடந்தது. இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டார். தென்றல் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஐய வினாப்பா. கொலை பண்ணது டாக்டரா, சமையல்காரரான்னு தெரியாம கேக்கறது ஐய வினா." மணிவேல் அண்ணன் வேனை ஓரங்கட்டி, எங்கள் இருவருக்கும் கரும்புச் சாறு வாங்கிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்க்கும்போது எனக்கே என் பாடத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது ராஜதுரை குளித்து முடித்து மின்விசிறிக்கடியில் தன் நாற்காலியில் இருந்தார். மணிவேல் அண்ணன் உட்காரக்கூட இல்லை.

"மச்சான், ஒரு முடிவு பண்ணிட்டேன். திங்கக்கெழமையிலேர்ந்து என் தம்பி பசங்க, பக்கத்து வூட்டுப் புள்ள, நம்ம தென்றலு, எல்லாருக்கும் இங்கதான் பாடம். மே மாசம் பூரா. தங்கச்சி மாதிரி நடத்த ஆளு கெடையாது."

"தாராளமா செய்யலாம் மாப்ள. இவளுக்கும் பாடம்னா உசுரு" என்றார் ராஜதுரை.

நான் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. அதற்குள் என் மே மாதத்தை இரண்டு ஆண்கள் கைமாற்றிக்கொண்டுவிட்டார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாவலின் கடைசி அத்தியாயம் அடுத்த மே மாதத்துக்குத்தான். எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது.

"அண்ணே, நான் போனது பாடத்துக்கு இல்ல. படத்துக்கு."

எழுத்தில் இருந்தால் திருத்திவிடுவார். காதில் விழுந்ததை எப்படித் திருத்துவது? ஆனாலும் முயன்றார். "பாடம்னுதானேம்மா சொல்ற?"

"இல்லண்ணே. ப. குறில், ஒரு மாத்திரை. பா-ன்னு இழுத்தா நெடில், ரெண்டு மாத்திரை. நாங்க தியேட்டர்ல உக்காந்து பாத்தது குறில்."

தென்றல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நான் சரியாத்தான்பா எழுதினேன். அதுக்குக் கால் கெடையாது" என்றாள்.

மணிவேல் அண்ணனுக்கு மெதுவாக விளங்கியது. படிக்கிற பிள்ளை என்றார், டீச்சரம்மாவே இப்படி என்றால் என்றார், சமுதாயம் எங்கே போகிறது என்றார். அது பெரம்பலூர்வரை போய்விட்டு வந்ததாக எனக்குத் தெரியும். ராஜதுரை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நாள் பூரா நீ சும்மாதான் இருந்திருக்க" என்றார். பிறகு, "சரி விடு, காபியப் போடு" என்றார்.

போட்டேன். இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து இருவர் முன்னாலும் வைத்தேன். அப்புறம் ராஜதுரையை எழுந்திருக்கச் சொல்லி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வினா வங்கியின் காக்கி அட்டையைக் கிழித்தெறிந்தேன். உள்ளே கத்தியும் ரத்தமும் போட்ட நிஜ அட்டை வெளியே வந்தது.

"என்ன அண்ணி, கொஸ்டின் பேங்க்ல ரத்தம் ஒழுகுது?" என்றாள் வெற்றிச்செல்வி.

"நாவலு. அந்தப் படத்தோட கதை. கொலைகாரன் யாருன்னு பாக்கத்தான் உங்க வூட்டுக்காரர் விடல, படிக்கவாச்சும் செய்யறேன்."

கடைசி அத்தியாயத்தை அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு அண்ணி?" என்று கேட்டாள் வெற்றிச்செல்வி.

"மருமக."

"எந்த மருமக?"

"கதை பூரா எல்லாருக்கும் காபி கொண்டாந்து வச்சுக்கிட்டே இருப்பா. ஒருத்தரும் அவளைச் சந்தேகப்படல. ஏன்னா ஒருத்தரும் அவ மூஞ்சியையே பாக்கல. அந்தக் காபியிலதான் கலந்திருக்கா."

ராஜதுரையின் டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. மணிவேல் அண்ணன் ஏற்கனவே குடித்துவிட்டிருந்தார். அடியில் கிடந்த மண்டியை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் கசந்துச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

வெற்றிச்செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "படத்துலயும் அவதானா அண்ணி? இல்ல மாத்தியிருப்பாங்களா?" என்றாள்.

"தெரியல. அப்பத்தான வெளிய வந்துட்டோம்."

அவள் கணவனை ஒரு தடவை பார்த்தாள். "எங்களுக்குக் கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை தியேட்டருக்குப் போனோம். போஸ்டர்ல ஒற்றுப்பிழை இருக்குன்னு இவரு மேனேஜரோட சண்டை போட்டு வாசல்லேர்ந்தே திரும்பிட்டோம். அதோட சரி. எனக்கும் ஒரு குறில் போடுங்க அண்ணி."

நான் இத்தனை வருஷமாக அவள் நீட்டிய காலைத்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் லீவு விட்டதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை வகுப்பு நடக்கவில்லை. 'இன்றைக்குப் பெரம்பலூரில் படம்' என்று குழுவில் போட்டேன். போன் மறுபடியும் காலைப் போட்டது, இந்தத் தடவை நான் எடுத்துவிட்டேன். கைதட்டல் எதுவும் வரவில்லை. மணிவேல் அண்ணன் படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பிழை எதுவும் இல்லாததால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வெற்றிச்செல்வி, தென்றல், நான் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். துப்பறிபவர் கதவைச் சாத்தியபோது சொல்லிவைத்ததுபோல என் போன் அதிர்ந்தது. ராஜதுரை. எடுக்கவில்லை. திரும்பவும் அதிர்ந்து ஓய்ந்து, பிறகு ஒரு செய்தி வந்தது. 'காபி நானே போட்டுக்கறேன். சர்க்கரை எங்க இருக்கு?'

போனைக் கவிழ்த்து வைத்தேன். துப்பறிபவர் விரலை நீட்டினார். தியேட்டர் முழுக்க "ஆ!" என்றது. அதில் எங்கள் 'ஆ' மூன்றும் இருந்தன, மூன்றும் நெடில்.

படத்திலும் மருமகள்தானா என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வண்டி எடுக்கும் அவசரம் இல்லாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.